கேம்ஸை நம்பி கிளாஸ்கோ போகலாமோ எண்டு கேட்ட விசுவமடுத் தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டதை முதல்ல சுருக்கமாப் போடுறன், மற்றப் பிள்ளையளுக்கும் விளங்கட்டும். விசுவமடுவில இருந்து ஸ்ருடன்ற் விசாவில வந்து ஈஸ்ற்ஹாமில ஒரு அறைக்குள்ள நாலு பேரா இருக்கிறியள். பக்கத்தில ஸ்ரற்போர்ட்டைப் பாத்தா கண்ணாடிக் கட்டிடமும் பார்க்குமா வடிவாக் கிடக்கு, ஆனா அங்க ஒரு அறை எடுக்கிற அளவுக்கு கையில காசு இல்லை. ஒலிம்பிக் நடந்ததாலதான் அந்த இடம் இப்பிடி எழும்பினது எண்டு ஆரோ சொல்லியிருக்கினம், அப்ப கிளாஸ்கோவில 2026 கொமன்வெல்த் கேம்ஸ் எண்டா அங்க போனா வேலையும் வீடும் கிடைக்குமோ எண்டு கேக்கிறியள். கடைசியில, ஊர்க் கழகத்துக்கு பவிலியன் கட்ட வெளிநாட்டுக் காசு சேர்க்கினம், குடுக்கலாமோ எண்டும் ஒரு வரி எழுதியிருக்கிறியள்.

கிளாஸ்கோவுக்கு கேம்ஸை நம்பிப் போகாதேங்கோ. உது யூலை 23 தொடங்கி ஓகஸ்ட் 2 முடியிற விசயம். முதல்ல இதை நடத்த இருந்தது அவுஸ்ரேலியாவில விக்ரோறியா மாநிலம், செலவு 2.6 பில்லியன் டொலர் எண்டு சொன்னது 6 பில்லியனுக்கு மேல போகப் போகுது எண்டு கண்டவுடன 2023 யூலையில எங்களால ஏலாது எண்டு விட்டிட்டினம், ஒப்பந்தத்தை முறிச்சதுக்கு 380 மில்லியன் டொலர் நட்டஈடும் கட்டினவை. அந்தக் காசில ஒரு பங்கை வைச்சுத்தான் கிளாஸ்கோ சின்ன அளவில எடுத்துச் செய்யுது. பத்து விளையாட்டு, நாலு இடம், எல்லாம் ஏற்கெனவே இருக்கிற மண்டபங்கள், வீரர்களுக்கெண்டு புதுசா வீடு ஒண்டும் கட்டேல்லை. 2014 இல அதே கிளாஸ்கோவில நடந்தபோது டல்மார்னொக் பக்கம் 700 வீடு கட்டினவை, அதில 400 குறைஞ்ச வாடகைக்குக் குடுத்தவை, அது உண்மையிலேயே நல்ல வேலை. இந்த முறை அப்பிடி ஒண்டும் இல்லை. 2023 நவம்பரில கிளாஸ்கோ கவுன்சிலே, அதாவது நகரசபையே, எங்களிட்ட வீட்டு நெருக்கடி எண்டு அறிவிச்சது, அதையும் மனசில வைச்சிருங்கோ.

வேலையும் அப்பிடித்தான். லண்டன் ஒலிம்பிக்கில வழி காட்டினது, கதவில நிண்டது, சிரிச்ச முகத்தோட சனத்தை நடத்தினது எல்லாம் 70,000 தொண்டர்கள், அவைக்கு உடுப்பும் சாப்பாடும்தான், சம்பளம் இல்லை. சம்பளத்துக்கு எடுத்த செக்கியூரிட்டி, சமையல், கிளீனிங் எல்லாம் ஏஜென்சி வேலை, போட்டி முடிய அதுவும் முடிஞ்சுது. செக்கியூரிட்டிக்கு எஸ்.ஐ.ஏ லைசென்ஸ் எண்ட அரசாங்க அனுமதி வேணும், உங்களுக்கு படிப்பு நடக்கிற காலத்தில கிழமைக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல செய்யவும் ஏலாது. கேம்ஸில வேலை எடுத்துத் தாறன், முதல்ல இவ்வளவு கட்டு எண்டு ஆராவது கேட்டா ஒரு பவுணும் குடுக்காதேங்கோ, வேலை தேடித் தாறதுக்கு ஏஜென்சி காசு வாங்கிறது இஞ்ச சட்டப்படி பிழை. எங்கட பெடியளையே எங்கட ஆக்கள் இப்பிடி ஏமாத்தினதைக் கண்டு வயிறெரிஞ்சுதான் இதை எழுதுறன்.

இனி ஸ்ரற்போர்ட் கதை. நான் வட்டக்கச்சி. 2005 யூலை 6 ஆம் திகதி லண்டனுக்குத்தான் ஒலிம்பிக் எண்டு அறிவிக்கேக்க நாங்கள் நியூஹாமிலதான் இருந்தனாங்கள், ஸ்ரற்போர்ட்டும் ஈஸ்ற்ஹாமும் அடங்கின கவுன்சில் பகுதி அது. இப்ப நீங்கள் பார்க் எண்டு பாக்கிற இடம் அப்ப பழைய இரும்புக் கிடங்கு, பழைய தொழிற்சாலை, லீ ஆத்தின்ர கிளையளில ஊத்தைத் தண்ணி, தலைக்கு மேல பெரிய கரண்ட் கோபுரங்கள். நூறு வருசத்துக்கு மேல தொழிற்சாலைக் கழிவு ஊறின மண். அந்த மண்ணைக் கிண்டி எடுத்து, கழுவி, திருப்பிப் போட்டவை தம்பி. 52 கோபுரத்தைப் பிடுங்கி வயரை எல்லாம் நிலத்துக்குக் கீழ சுரங்கம் வெட்டி இறக்கினவை. போட்டி எண்டு ஒரு திகதி குறிக்காட்டி உந்த வேலையை எந்த அரசாங்கமும் இன்னும் இருபது வருசத்துக்குத் தொட்டிருக்காது எண்டுதான் நான் நினைக்கிறன். ரெயினும் அப்பிடித்தான், ஸ்ரற்போர்ட் ஸ்ரேசனைப் பெருப்பிச்சினம், டி.எல்.ஆர் எண்ட சின்ன ரெயினை ஸ்ரற்போர்ட் இன்ரநஷனல் வரைக்கும் 2011 இல நீட்டினவை, ஓவர்கிறவுண்ட் ரெயினில பெட்டியைக் கூட்டினவை. விடியக் காலமை கிளீனிங் வேலைக்குப் போற எங்கட சனம் இண்டைக்கும் அதிலதான் போகுது. எலிசபெத் லைன் எண்ட ரெயில் பாதையையும் ஒலிம்பிக் தந்தது எண்டு சிலர் சொல்லுவினம், அது வேற திட்டம், 2022 மே மாதம்தான் திறந்தது.

ஆனா காசுக் கணக்கைக் கேளுங்கோ. போட்டியைக் கேட்டு எடுக்கேக்க 2.4 பில்லியன் பவுண் எண்டினம். 2007 மார்ச்சில அது 9.3 பில்லியன் ஆச்சு. கடைசியா 8.77 பில்லியன் அளவில முடிஞ்சவுடன, பாத்தியளோ மிச்சம் பிடிச்சிட்டம் எண்டு அறிவிச்சினம், முதல் சொன்ன கணக்கோட பாத்தா மூண்டரை மடங்குக்கு மேல. ஏன் இப்பிடி ஏறுது எண்டா, கல்யாணத்துக்கு நாள் குறிச்சாப் பிறகு பந்தல்காரன் கேட்டதுதான் விலை. திகதியைத் தள்ள ஏலாது எண்டு கொந்தராத்துக்காரனுக்கும் தெரியும். அதோட முதல் கணக்கில வற் வரி இல்லை, செக்கியூரிட்டிக்கு சரியான கணக்கு இல்லை, அவசரத்துக்கு ஒதுக்கின காசு இல்லை, எல்லாம் பேந்துதான் வந்து ஏறினது. இதுக்கு ஒரு பங்கு லொத்தர் காசு, ஒரு பங்கு லண்டன் சனத்தின்ர கவுன்சில் ரக்ஸ். 2006 இல இருந்து பத்து வருசமளவில கவுன்சில் ரக்ஸ் துண்டில ஒலிம்பிக்குக்கெண்டு சேர்ந்து வந்தது, பேண்ட் டி எண்ட நடுத்தர வகை வீட்டுக்கு வருசம் 20 பவுண். போட்டி பாக்க ஒரு ரிக்கெற் கூட கிடைக்காத வீடும் கட்டினது.

20 பவுண் பெரிசில்லை எண்டு நீங்கள் சொல்லுவியள், சரி. எனக்கு நெஞ்சு வேகிறது ஒலிம்பிக் ஸ்ரேடியத்தை நினைச்சுத்தான். கட்டினதையே திருப்பிக் கழட்டி உதைபந்தாட்டத்துக்கு மாத்தினதுக்கு மட்டும் 323 மில்லியன் பவுண் போச்சு, 190 மில்லியன் எண்டு தொடங்கின வேலை. இப்ப அங்க விளையாடுற வெஸ்ற்ஹாம் உதைபந்தாட்டக் கிளப் அதுக்குப் போட்டது 15 மில்லியன், தொடக்கத்தில வருச வாடகை 2.5 மில்லியன் அளவில, 99 வருச ஒப்பந்தம். ஓட்டப் போட்டிக்கும் உதைபந்துக்கும் எண்டு சீற்றை முன்னுக்கும் பின்னுக்கும் நகத்திற செலவே வருசா வருசம் மில்லியன் கணக்கு, நட்டத்தைப் பொதுக் காசுதான் தாங்குது. எங்கட நியூஹாம் கவுன்சில் 40 மில்லியன் பவுணைக் கொண்டுபோய்ப் போட்டது, 2017 இல அந்தக் காசு திரும்பி வராது எண்டு வெளியில வந்திட்டினம். லைப்ரரிக்கும் வயசு போன ஆக்களின்ர பராமரிப்புக்கும் காசில்லை எண்டு சொல்லிக் கொண்டிருந்த அதே காலம். ஏழைப்பட்ட ஒரு பகுதியின்ர கவுன்சிலுக்கு உந்த வேலை தேவையே இல்லை, இதை நான் ஆரிட்டையும் சொல்லுவன்.

கிறீன் ஸ்ரீற் பக்கம் உங்களுக்குத் தெரியும்தானே, அப்ரன் பார்க்கில வெஸ்ற்ஹாமின்ர பழைய மைதானம் இருந்தது, 2016 மே மாதத்தோட கிளப் அங்கயிருந்து கிளம்பிச்சுது. மச் நடக்கிற நாளில அந்தத் தெருவில நடக்க ஏலாது, சாப்பாட்டுக் கடை, பப், சின்னப் பெட்டிக்கடை எண்டு எல்லாத்துக்கும் அண்டைக்கு வியாபாரம். இப்ப அந்த இடத்தில அடுக்குமாடி. சனம் ஸ்ரற்போர்ட்டில இறங்கி வெஸ்ற்பீல்ட் எண்ட பெரிய கடைத்தொகுதிக்குள்ளால நடந்து மைதானத்துக்குப் போய் அதுக்குள்ளாலயே திரும்பி வருது, காசும் அங்கயே நிக்குது. 2012 போட்டியிலயும் இதுதான் நடந்தது, எங்கட கடைக்காரர் கொஞ்சப்பேர் கூட்டம் வரும் எண்டு சாமானை இறக்கி வைச்சுக் காத்திருந்தவை, கூட்டம் அந்தப் பக்கம் திரும்பியும் பாக்கேல்லை. வழமையா லண்டனுக்கு வாற ரூறிஸ்ற் சனமும் நெரிசலுக்குப் பயந்து அந்த மாதம் வராமல் விட்டதால சென்ரல் லண்டன் கடையளும் வெறிச்சோடிக் கிடந்தது.

ஸ்ரேசனால வெளிக்கிட்டு மற்றப் பக்கம் றோட்டைக் கடந்து பாருங்கோ, பழைய ஸ்ரற்போர்ட் சென்ரர் இருக்கு. அதுக்கு முன்னால கம்பத்தில மீன் கூட்டம் மாதிரி, இலை மாதிரி தகடுகளை வரிசையா நட்டு வைச்சிருக்கினம், காத்துக்கு அசையும். ஒலிம்பிக்குக்கு வாற ஆக்களுக்கு பழைய கட்டிடம் தெரியக் கூடாது எண்டு வைச்சது எண்டுதான் இஞ்சத்தைச் சனம் கதைக்கும். ராத்திரியில அந்த சென்ரருக்குள்ளால நடந்தா வீடு இல்லாத ஆக்கள் கார்ட்போட்டைப் போட்டுப் படுத்திருப்பினம். நியூஹாமில 24 பேருக்கு ஒராள் நிரந்தர வீடில்லாமல் இருக்கினம் எண்டு வீடில்லாத ஆக்களுக்கு உதவிற ஷெல்ரர் அமைப்பு 2018 இல கணக்குச் சொன்னது, இங்கிலாந்திலேயே ஆகக் கூட அதுதான். ஒலிம்பிக் முடிஞ்சு ஆறு வருசம்.

வீரர் தங்கின இடம்தான் இப்ப ஈஸ்ற் வில்லேஜ், 2,818 வீடு. அதில கிட்டத்தட்ட அரைவாசி சந்தை விலையை விடக் குறைவு எண்ட வகை, அதுக்குள்ளயும் ஒரு பங்குதான் உண்மையாவே சமூக வாடகை, மற்ற அரைவாசி கொம்பனியள் சந்தை விலைக்கு வாடகைக்கு விடுகிறது. அந்தப் பார்க்குக்கு இடம் எடுக்கேக்க கிளேய்ஸ் லேனில 400 பேருக்கு மேல இருந்த கூட்டுறவுக் குடியிருப்பையே இடிச்சவை, அவை சிதறிப் போச்சினம். இடம்பெயர்ந்து மூட்டை கட்டித் திரிஞ்ச எங்களுக்கு அது எப்பிடி இருக்கும் எண்டு ஆரும் சொல்லித் தரத் தேவையில்லை.

பேர்மிங்காமில 2022 கொமன்வெல்த்துக்கு பெரி பாரில கட்டின வீரர் குடியிருப்பு நேரத்துக்கு முடியேல்லை, வீரர்களை யூனிவேசிற்றி ஹொஸ்ரலில படுக்க வைச்சினம், கட்டின வீடுகளில கவுன்சிலுக்குப் பெரிய நட்டம். அடுத்த வருசம் செப்ரெம்பரில அந்தக் கவுன்சில் காசு முடிஞ்சுது எண்டு அறிவிச்சது. அதுக்கு கேம்ஸ்தான் காரணம் எண்டு நான் சொல்ல மாட்டன், பெண் ஊழியர்களுக்குக் குடுக்க வேண்டிய சம்பளப் பாக்கியும் கொம்பியூட்டர் சிஸ்ரம் பிழைச்சதும்தான் பெரிய காரணம், ஆனா அந்த நிலமையில இருக்கிற கவுன்சில் வீடு கட்டி நட்டப்பட்டா ஆரிட்டப் போய் அழுகிறது.

அதால உங்களுக்கு நான் சொல்லுறது, போட்டி தந்த ரெயினைப் பாவியுங்கோ, போட்டி தந்த போஸ்ற்கோட்டுக்கு வாடகை குடுக்காதேங்கோ. இல்ஃபோர்ட், மனர் பார்க், பார்க்கிங் (Barking) பக்கம் பாருங்கோ, ரெயினில ஏறினா கெதியா ஸ்ரற்போர்ட்டுக்கு வந்திடலாம். அறைக்கு டிப்போசிற் குடுத்தா 30 நாளுக்குள்ள அதைப் பாதுகாப்புத் திட்டத்தில போட்ட கடிதம் கேளுங்கோ, எங்கட ஆள் எண்டு கூச்சப்படாதேங்கோ. வீட்டில இருக்கிற எல்லாரும் முழுநேர மாணவர் எண்டா கவுன்சில் ரக்ஸ் இல்லை, அதுக்கு யூனிவேசிற்றியில கடிதம் எடுத்துக் குடுக்கோணும். பார்க்குக்குள்ள இருக்கிற நீச்சல் தடாகத்துக்கு ஒருக்கா போங்கோ, ஒலிம்பிக் நீச்சல் நடந்த அதே தண்ணி, சாதாரண கவுன்சில் தடாகக் காசுதான். இரணைமடு வாய்க்காலில நீந்தின பிள்ளையளுக்கு அது பிடிக்கும்.

இனி உங்கட ஊர்க் கழகம். 2011 கிரிக்கெற் உலகக் கிண்ணத்துக்கெண்டு சூரியவெவவிலயும் பல்லேகலவிலயும் புது மைதானம் கட்டி, கொழும்பு பிரேமதாசா மைதானத்தைத் திருத்தி, இலங்கைக் கிரிக்கெற் சபை கடனில விழுந்து வீரர்களுக்கே மாதக்கணக்காச் சம்பளம் குடுக்க ஏலாமல் நிண்டது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கிளிநொச்சி நகரத்தில சண்டை முடிஞ்ச கையோட தொடங்கின பெரிய விளையாட்டரங்கு எத்தினை வருசம் அரைகுறையாக் கிடந்தது எண்டதை நீங்கள் பஸ்ஸில போகேக்க வரேக்க பாத்திருப்பியள். அதே காலத்தில, 2013 செப்ரெம்பரில, ஓமந்தையில இருந்து கிளிநொச்சிக்கு ரெயின் திரும்பி வந்தது. வருத்தக்காரரையும் பிள்ளையளையும் கொழும்புக்குக் கொண்டு போறதுக்கு அது எவ்வளவு பெரிய உதவி எண்டு எங்கட அம்மாட்டக் கேட்டாத் தெரியும்.

பவிலியனுக்குக் காசு குடுக்க வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை, முதல் காசைப் பவிலியனுக்குக் குடுக்காதேங்கோ. ஐப்பசி கார்த்திகையில எங்கட மைதானங்களில கெண்டைக்கால் அளவு தண்ணி நிக்கும், தை மாதம் வரைக்கும் பிள்ளையள் றோட்டிலதான் பந்தடிக்கிறது. அப்ப முதல் வேலை வடிகாலும் கிரவல் போட்டு நிலத்தை உயர்த்திறதும். அடுத்தது கிணறும் தண்ணித் தாங்கியும் பூட்டக் கூடிய மலசலகூடமும், பெட்டைப் பிள்ளையள் பின்னேரப் பயிற்சிக்கு வராமல் விடுறதுக்கு அது இல்லாததும் ஒரு காரணம் எண்டு எத்தினையோ தாய்மார் எனக்குச் சொல்லியிருக்கினம். லைற் போடுறது எண்டா மாதா மாதம் கரண்ட் பில் ஆர் கட்டிறது எண்டு எழுத்தில இருக்கோணும். சுற்றுப்போட்டி ஒரு கிழமை, பில் வருசம் முழுக்க.

எல்லாத்துக்கும் முதல் காணி ஆற்ற பேரில கிடக்கு எண்டு கேளுங்கோ. பிரதேச சபையின்ரயோ, அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில குடுத்த பெமிற் காணியோ, வன இலாகா கல்லு நட்ட இடமோ? காணி சரியில்லாமல் கட்டிடம் கட்டினா நாளைக்கு ஒரு கடிதம் வந்து எல்லாம் போயிடும், வன்னியில அது புதுசில்லை. கழகத் தலைவரிட்டச் சொல்லி காணிக் கடிதத்தையும், வடிகாலுக்கு ஆராவது ஒரு மேசன் எழுதிக் குடுத்த கணக்கையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. அந்த ரெண்டும் வந்தா எனக்கும் அனுப்புங்கோ, எங்கட வட்டக்கச்சி, தருமபுரம் ஆக்கள் கொஞ்சப்பேர் இஞ்ச இருக்கிறம், வடிகால் வேலைக்கு நாங்களும் போடுவம்.