பெட்பேனும் கோட்பாடும் (கடிதம்)

அன்புள்ள அக்கா,

நாற்பது வயதில் கிடங்கு வேலையை விட்டுவிட்டுத் தாதிமை படிக்க வந்தவன் நான். வார்டு வேலை பிடித்திருக்கிறது. வகுப்பில்தான் தலைவலி. தாதிமைக் கோட்பாடுகளை எழுதியவர்கள் என்று நைட்டிங்கேல், பெப்லாவ், ஹென்டர்சன், ஓரம், ரோஜர்ஸ், லெய்னிங்கர் என்று பெயரும் ஆண்டுமாக வரிசை நீள்கிறது. முக்கால்வாசி பேர் அமெரிக்கப் பெண்மணிகள், எழுதி ஐம்பது அறுபது வருடம் ஆகிறது. காலை ஷிப்டில் பெட்பேன் வைத்து, குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, கணினியில் பதிந்து முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது. இதில் கோட்பாடு எங்கே வருகிறது? அடுத்த மாதம் ஒரு கோட்பாட்டை ஒரு நோயாளிக்குப் பொருத்திக் கட்டுரை எழுத வேண்டும். எதை எடுப்பது என்றாவது சொல்லுங்கள்.

ரா., ஈசூன்

அன்புள்ள ரா.,

பெயரையும் ஆண்டையும் உருப்போட்டால் தலைவலிதான் வரும். யார் யாரோடு மல்லுக்கு நின்றார்கள் என்று பாருங்கள், ஆண்டு தானாக மனதில் நிற்கும். ‘டாக்டர் சொன்னதைச் செய்வது போக, எங்களுடையது என்று என்ன வேலை இருக்கிறது?’ சுற்றிச் சுற்றி இந்த ஒரு கேள்விக்குத்தான் இவர்கள் எல்லாரும் பதில் எழுதியிருக்கிறார்கள்.

நைட்டிங்கேல் 1859இல் வெளியிட்ட சிறு புத்தகம் தாதியருக்கான பாடநூலே இல்லை. வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்காக எழுதினார். ஜன்னலைத் திற, வெளிச்சம் விடு, படுக்கையைச் சுத்தமாக வை, சத்தம் போடாதே. கெட்ட காற்றால்தான் நோய் வருகிறது என்று நம்பிய காலம் அது, கிருமிக் கொள்கை இன்னும் நிலைபெறவில்லை. காரணம் பிழை, செய்யச் சொன்ன காரியம் சரி. நோயாளியின் காதில் அரைகுறையாக விழும்படி பக்கத்தில் நின்று குசுகுசுப்பது கொடுமை என்றும் கோபப்பட்டிருப்பார். பார்வையாளர் நேரத்தில் உங்கள் வார்டு வாசலில் ஒரு ஐந்து நிமிடம் நின்று பாருங்கள், அந்தக் கோபம் புரியும். இதையெல்லாம் அவர் கோட்பாடு என்று சொல்லவில்லை. பின்னால் வந்தவர்கள்தான் அந்தப் பெயரை வைத்தார்கள்.

அதற்குப் பிறகு தொண்ணூறு வருடம் போலப் பெரிய பேச்சில்லை. ஆஸ்பத்திரிப் பள்ளிகளில் மூத்தவர் செய்வதைப் பார்த்து இளையவர் செய்தார். இங்கே சிங்கப்பூரிலும் 1885 ஆகஸ்ட் 1 அன்று பொது மருத்துவமனையில் பணியைத் தொடங்கிய பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிகளிடமிருந்து அப்படித்தான் ஆரம்பம். தாதியர் தினத்துக்கு வார்டில் கேக் வெட்டுவது அந்த நாளுக்காகத்தான். அமெரிக்காவில் இந்தப் படிப்பு பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்ததும் மற்ற துறைக்காரர்கள், உங்களுக்கென்று தனி அறிவு எது என்று கேட்டார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் படித்த பெண்கள்தான் அதிகம் பதில் சொன்னார்கள். பெப்லாவ், ஹென்டர்சன், அப்தெல்லா, கிங் எல்லாரும் அங்கே படித்தவர்கள். ஏன் எல்லாம் அமெரிக்கப் பெயர் என்ற உங்கள் எரிச்சலுக்குப் பதில் இதுதான். 2006இல்தான் நம் தேசியப் பல்கலைக்கழகத்தில் தாதிமைப் பட்டப்படிப்பு தொடங்கியது. அதுவரை நம்மிடம் அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை.

பெப்லாவ் மனநல வார்டுக்காரர். தாதிக்கும் நோயாளிக்கும் நடுவில் வளரும் உறவே சிகிச்சையின் ஒரு பங்கு என்றார். 1948இலேயே எழுதி முடித்துவிட்டார், புத்தகம் வந்தது 1952இல். டாக்டர் ஒருவரின் பெயர் கூட இல்லாமல் ஒரு தாதி தனியாகப் புத்தகம் போடுவதா என்று பதிப்பகம் தயங்கியதாம். இந்தச் செய்தி ஒன்று போதும், அந்தக் காலத்தில் அவர்கள் எதோடு மோதினார்கள் என்று புரிந்துகொள்ள.

ஹென்டர்சனை நீங்கள் தினமும் தொடுகிறீர்கள். மூச்சு, சாப்பாடு, கழிவு, அசைவு, தூக்கம் என்று அவர் வகுத்த பதினான்கு தேவைகளில் பலவற்றை உங்கள் கேர் பிளானிலும் பார்க்கலாம். தெம்பும் மனமும் விவரமும் இருந்தால் நோயாளி தானே செய்துகொள்வதை அவருக்காகச் செய்வது, கூடிய சீக்கிரம் அவரே செய்யும்படி விட்டு விலகுவது. தாதி வேலைக்கு இதைவிட நல்ல விளக்கம் நான் படித்ததில்லை.

ஓரம் (1971) இதையே இன்னும் இறுக்கிக் கட்டினார். முழுதும் நாம் செய்வது, பாதி நாம் பாதி அவர், கற்றுக்கொடுத்துவிட்டுத் துணை நிற்பது என மூன்று படி. நம் ஊரில் இது எங்கே முட்டும் என்று டிஸ்சார்ஜ் நாளில் பார்க்கலாம். இன்சுலின் பேனாவை மாமாவிடம் நீட்டினால் மாமி வாங்கிக்கொள்வார். தனக்குக் கண் தெரியவில்லை என்று மாமி பணிப்பெண்ணைக் கூப்பிடுவார். இரண்டு யூனிட் வெளியே தள்ளிப் பார்ப்பது, வயிற்றில் குத்தி பத்து எண்ணும்வரை ஊசியை எடுக்காமல் வைத்திருப்பது எல்லாவற்றையும் அந்த இந்தோனேசியப் பெண் கற்றுக்கொள்வாள். மாமா டிவி பார்த்துக்கொண்டிருப்பார். ஓரத்தின் கணக்கில் இது குறை. வீட்டார் கணக்கில் இதுதான் கவனிப்பு. குடும்பத்தார் பார்த்துக்கொள்வதையும் அவர் சேர்த்துக்கொண்டார்தான், ஆனாலும் அவர் எழுத்தில் முதல் ஆள் தனிமனிதர்.

இந்த இடத்தில் லெய்னிங்கரைத் திறவுங்கள். பிள்ளைகளுக்கான மனநல இல்லத்தில் வேலை செய்தபோது, வெவ்வேறு பண்பாட்டுப் பிள்ளைகள் வெவ்வேறு மாதிரிக் கவனிப்பை எதிர்பார்ப்பதைக் கண்டு, மானிடவியல் படிக்கப் போனவர். நியூ கினி மலைநாட்டில் கட்சுப் மக்களிடையே தங்கி ஆய்வு செய்தார். நோயாளியின் வழக்கத்தை அப்படியே காப்பது, பேசி இணங்குவது, மாற்றி அமைப்பது என்று மூன்று வழி சொல்கிறார். நம் பிரசவ வீட்டுக்கு இது கச்சிதம். பிள்ளையின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டா, இருக்கட்டும். தாய்க்குப் பத்தியம் என்று தண்ணீரைக் குறைக்கிறார்களா, பத்தியச் சாப்பாட்டை விட்டுவிட்டுத் தண்ணீருக்கு மட்டும் பாட்டியிடம் பேரம் பேசுங்கள். நாக்கில் தேன் தடவுகிறார்களா, கண்ணுக்குள் மை இடுகிறார்களா, அங்கே விட்டுக்கொடுக்கக் கூடாது. ஒரு வயதுக்குள் தேன் ஆபத்து.

மனிதரே ஓர் ஆற்றல் புலம் என்கிற ரோஜர்ஸின் கோட்பாடு எனக்குப் பிடிபட்டதே இல்லை, தேர்வுக்குத் தேவையான அளவு படித்துவிட்டு நகருங்கள். இப்படி ஆகாயத்தை அளக்கும் கோட்பாடுகளைச் சோதித்துப் பார்க்க வழியில்லை என்பதால்தான் பிறகு வந்தவர்கள் சிறிய கேள்விகளை எடுத்தார்கள். 1988இல் மிஷல் என்ற தாதிமை ஆய்வாளர் நோயில் வரும் நிச்சயமின்மையைப் பற்றி எழுதினார். ஸ்கேன் முடிவுக்குக் காத்திருக்கும் நோயாளி மணிக்கு நான்கு தடவை ‘மிஸ்ஸி, ரிப்போர்ட் வந்துச்சா?’ என்று ஏன் கேட்கிறார் என்பதற்கு அதில் பதில் இருக்கிறது.

கட்டுரைக்கு ஓரத்தை எடுங்கள். வீட்டுக்குப் போகப்போகும் நீரிழிவு நோயாளி ஒருவரைத் தேர்ந்து, அந்த மூன்று படியில் அவர் எங்கே நிற்கிறார் என்று எழுதுங்கள். பிறகு ஓரம் பொருந்தாத இடத்தை மறைக்காமல் எழுதி, அங்கே லெய்னிங்கரைக் கொண்டுவாருங்கள். ஒரு கோட்பாடுதான் கேட்டோம் என்று ஆசிரியர் சொன்னால், இரண்டாவதை ‘ஓரத்தின் எல்லைகள்’ என்று ஒரு பத்தியில் அடக்கிவிடுங்கள். நோயாளியின் பெயரும் படுக்கை எண்ணும் கட்டுரையில் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா