பணம் தராதவரைப் புரவலர் என்று போடலாமா?

கேள்வி: எங்கள் வாசகர் வட்டத்தின் ஆண்டு விழா அழைப்பிதழ் அச்சுக்குப் போகிறது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஆறு வருடங்களாகத் தன் வீட்டுக் கூடத்தில்தான் எங்களைக் கூட்டம் நடத்த விடுகிறார். பணமாக எதுவும் தந்ததில்லை. அவர் பெயருக்கு முன் ‘புரவலர்’ என்று போட்டால் சரியா? ‘அது பணக்காரர்களுக்கு உரிய சொல்’ என்கிறார் நண்பர்.

பதில்: தாராளமாகப் போடலாம். அந்தச் சொல்லுக்குள் பணமே இல்லை.

‘புர’ என்பது வினைச்சொல். காப்பாற்று, தாங்கிப் பேணு என்று பொருள். புரந்தான், புரக்கிறான், புரப்பான் என்று வரும். அதிலிருந்து புரவு, அப்புறம் புரவலன். குடிகளைக் காப்பவன் என்பதால் அரசனுக்கும் அந்தப் பெயர் உண்டு.

இதற்கு ஒரு ஜோடியும் உண்டு: இர, இரவு, இரவலன். இங்கே இரவு என்றால் கேட்டுப் பெறுவது. திருக்குறளின் 106ஆம் அதிகாரத்துக்கே ‘இரவு’ என்று பெயர். ராத்திரியைப் பற்றியது என்று நினைத்துத் திறந்தால் ஏமாந்துபோவீர்கள். 780ஆம் குறளில் இரண்டு வினைகளும் அருகருகே நிற்கின்றன: ‘புரந்தார்கண் நீர்மல்கச் சாகிற்பின் சாக்காடு இரந்துகோள் தக்கது உடைத்து.’ தன்னைப் பேணியவர் கண்கலங்கும்படி ஒரு வீரன் சாக முடிந்தால், அந்தச் சாவைக் கெஞ்சிக் கேட்டாவது பெறலாமாம்.

புறநானூறு 162 இன்னும் காரமானது. சிற்றரசன் இளவெளிமான் கொடுத்த அற்பப் பரிசிலை வாங்க மறுத்த புலவர் பெருஞ்சித்திரனார், வள்ளல் குமணனிடம் போய் யானையே பரிசாகப் பெற்றார். நேரே திரும்பி வந்து அதை இளவெளிமானின் காவல் மரத்தில் (அரசனின் சின்னமாகக் காக்கப்படும் மரம்) கட்டிவிட்டுச் சொன்னார்: ‘இரவலர் புரவலை நீயும் அல்லை, புரவலர் இரவலர்க்கு இல்லையும் அல்லர்.’ நீ புரவலன் இல்லை, அதற்காக உலகத்தில் புரவலரே இல்லாமல் போய்விடவில்லை என்கிறார். கையில் இருந்தும் மனமில்லாதவனுக்கு அந்தப் பட்டம் கிடையாது. உங்கள் நண்பரிடம் இந்தப் பாட்டைக் காட்டுங்கள்.

நன்கொடையாளர் ஒருமுறை ரசீது வாங்கிக்கொண்டு போனாலும் நன்கொடையாளர்தான். ஆதரவாளர் என்றால் ஏனோ கட்சி வாடை அடிக்கிறது. இலங்கைச் சங்கங்களில் புழங்கும் ‘போஷகர்’ பொருளில் நெருங்கியது. வளர்ப்பவர், பேணுபவர் என்ற வடசொல். ஆறு வருடம் கூடத்தைத் திறந்துவிட்டவருக்கு என் தேர்வு புரவலர்தான். ‘அர்’ விகுதி இருபாலுக்கும் பொது என்பதால் பெண்ணுக்கென்று தனிச்சொல் தேட வேண்டாம்.

எழுத்துப்பிழை மட்டும் பாருங்கள். ‘புறவலர்’ என்று அச்சாகிப் பலமுறை பார்த்திருக்கிறேன். இடையின ‘ர’தான் வர வேண்டும்.