பூத்து நிற்கும் பட்லியாவுக்கு இப்போது தொட்டி மாற்றலாமா?

இங்கிலாந்தில் ஜூன் மாதம் 20 சென்டிமீட்டர் நர்சரித் தொட்டியோடு வாங்கிவந்த வண்ணத்துப்பூச்சிப் புதர், அதாவது பட்லியா, இப்போது பூத்து நிற்கிறது என்றும், தொட்டியின் அடித்துளைகள் வழியே வேர் வெளியே வந்துவிட்டது என்றும், காலையில் ஊற்றும் தண்ணீர் போதாமல் மதியத்திற்குள் இலைகள் துவண்டுவிடுகின்றன என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த நிலையில் தொட்டியை மாற்றலாமா, பூ ஓயும்வரை பொறுக்க வேண்டுமா என்பது உங்கள் கேள்வி. மாற்றலாம். ஆனால் வேரில் கை வைக்காமல், வேரைச் சுற்றியுள்ள தாய்மண் உடையாமல், ஓரளவு பெரிய தொட்டிக்குள் அப்படியே இறக்கி வைப்பதோடு இப்போதைக்கு நிறுத்திக்கொள்ளுங்கள். வேரைக் கழித்துப் பழைய மண்ணை உதிர்த்துப் புது மண்ணில் நடும் முழு வேலையை வரும் மார்ச் மாதக் கவாத்தோடு, அதாவது தண்டுகளை வெட்டிவிடும் வேலையோடு, சேர்த்துச் செய்வதுதான் இந்தச் செடிக்கு ஏற்றது.

இரண்டையும் நான் பிரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பட்லியாவின் இலைகள் நீளமானவை, மென்மையானவை. பூக்கும் பருவத்தில்தான் அவை ஆண்டிலேயே மிக அதிகமாக இருக்கும், ஆகவே செடி வெளியேற்றும் நீரும் அப்போதுதான் மிக அதிகம். அந்த நீரை மண்ணிலிருந்து உறிஞ்சித் தருபவை தடித்த வேர்கள் அல்ல. வேர் நுனிகளை ஒட்டியுள்ள நூல் போன்ற சிறு வேர்களும் அவற்றின் தூவிகளும்தான். பழைய மண்ணை உதறும்போது முதலில் அறுபடுவது அவையே. அறுந்தவை மீண்டும் வளரும் என்றாலும், அதுவரை வெயிலில் நிற்கும் இலைகளுக்கு நீர் கொடுக்க ஆளில்லை. பூங்கதிர்கள் நுனியிலிருந்து கருகத் தொடங்கும், அடி இலைகள் மஞ்சளாகி உதிரும். மார்ச்சில் நிலைமை வேறு. தண்டையே முழங்கால் உயரத்திற்கும் கீழே வெட்டிவிடுவதால் நீர் கேட்கும் இலை ஏதும் இருக்காது. மேலே குறைத்த அளவுக்குக் கீழேயும் குறைத்தால் செடிக்கு அது சுமையாகவே தெரியாது.

லெஸ்டரில் எங்கள் வீட்டுப் பின்முற்றத்தில் 'பிளாக் நைட்' என்ற அடர் ஊதா வகையைத் தொட்டியில் வளர்க்கிறேன். அதைப் பார்த்துப் பழகியதையும் சேர்த்தே வேலையின் முறையைச் சொல்கிறேன்.

வெயில் தணிந்த மாலை நேரமோ மேகமூட்டமான நாளோ பார்த்துத் தொடங்குங்கள். முதலில் தொட்டியோடு செடியை ஒரு வாளித் தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள். வேர் நிறைந்த தொட்டியில் உலர்ந்துபோன மண் மேலிருந்து ஊற்றும் தண்ணீரை ஏற்காது. ஓரமாக வழிந்து அடியில் ஓடிவிடும். உங்கள் செடி நண்பகலில் துவள்வதற்கு இதுவே பாதிக் காரணமாக இருக்கலாம். குமிழிகள் வருவது நின்ற பிறகு எடுத்து, தண்ணீர் வடியவிட்டு, தொட்டியைப் பக்கவாட்டில் கிடத்திப் பிளாஸ்டிக் சுவரைச் சுற்றிலும் கையால் அமுக்கிவிடுங்கள். தண்டைப் பிடித்து இழுக்காதீர்கள். துளைகளில் வேர் தடித்துச் சிக்கிக்கொண்டிருந்தால் வேரை வெட்டுவதைவிடத் தொட்டியைக் கத்தரியால் கிழித்துவிடுவது மேல். அந்தத் தொட்டி போனால் போகிறது.

வெளியே வந்த மண்கட்டியைச் சற்று நேரம் உற்றுப் பாருங்கள். நல்ல நிலையில் உள்ள பட்லியாவின் இளவேர்கள் வெளிர் நிறத்தில், கிள்ளினால் உறுதியாக இருக்கும். கறுத்து வழவழத்து, இரு விரலால் உருவினால் தோல் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சுகிற வேர், தண்ணீர் தேங்கி அழுகிய வேர். அது எங்காவது ஒரு மூலையில் மட்டும் இருந்தால் அந்தப் பகுதியை நீக்கிவிடலாம். வேர்களுக்கிடையே பால்வெள்ளை நிறத்தில், பழுப்புத் தலையோடு, கால்கள் இல்லாமல், உடலை வளைத்துச் சுருண்டு கிடக்கும் புழுக்கள் இருக்கின்றனவா என்றும் தேடுங்கள். அவை வைன் வீவில் வண்டின் புழுக்கள். தொட்டிச் செடிகளின் வேரைத் தின்றே வாழ்பவை. தண்ணீர் ஊற்றியும் செடி வாடுவதற்கு இந்நாட்டில் பலமுறை இவையே காரணமாக இருக்கின்றன. கண்ணில் பட்டவற்றைப் பொறுக்கிவிட்டு, கோடை முடிவில் மண் வெதுவெதுப்பாக இருக்கும்போதே, இதற்கென்று விற்கப்படும் நன்மை செய்யும் நூற்புழுக்களைத் தண்ணீரில் கலந்து ஊற்றலாம். மண்ணில் ஊற்றிச் செடி முழுவதும் பரவுகிற பூச்சிக்கொல்லியை மட்டும் இந்தச் செடிக்குப் பயன்படுத்தவே கூடாது. பூவின் தேன் வரை அது போய்ச் சேரும். தேனுக்காக வருகிற உயிர்களுக்காகத்தானே இதை வளர்க்கிறோம்.

அடியில் வேர்கள் வட்டமாகச் சுற்றிப் பாய் பின்னியது போல இருக்கும். அதைப் பார்த்ததும் அறுக்கத் தோன்றும், இப்போது வேண்டாம். வெளிச்சுற்றில் தளர்வாக உள்ள நாலைந்து வேர்களை மட்டும் விரலால் மெல்லப் பிரித்து வெளிநோக்கி நீட்டிவிட்டால் போதும்.

புதிய தொட்டி 28 முதல் 30 சென்டிமீட்டர் விட்டம் இருக்கட்டும். அடிக்கடி மாற்றுவானேன் என்று நேரே 45 சென்டிமீட்டர் தொட்டிக்குப் போவதை நான் விரும்புவதில்லை. வேர் எட்டாத மண் ஈரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும், குளிர்காலம் வரும்போது அந்த ஈரம்தான் வேரை அழுகவைக்கும். 45 சென்டிமீட்டர் என்பது பெரிய வகைகளுக்கு இரண்டு மூன்று ஆண்டுகளில் போய்ச் சேர வேண்டிய இடம். 'பஸ்' போன்ற குட்டை வகையாக இருந்தால், ஏறத்தாழ 1.2 மீட்டரோடு நின்றுவிடும் என்பதால், அதைவிடச் சிறிய தொட்டியே போதும்.

மண்ணைப் பற்றிப் பேசும்போது இந்தச் செடி தானாக வளரும் இடங்களை நினைத்துக்கொள்வது நல்லது. அர்மான் டேவிட் என்ற பிரெஞ்சுப் பாதிரியாரின் பெயரைத் தாங்கிய இந்தப் பட்லியா டேவிடிக்குத் தாயகம் சீனா. மலைச்சரிவுகளிலும் ஆற்றோரக் கூழாங்கல் படுகைகளிலும் முளைப்பது. இங்கிலாந்துக்கு வந்த பிறகும் அதேபோன்ற இடங்களையே தேடிக்கொண்டது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சில் இடிந்த லண்டன் கட்டடங்களின் செங்கல் குவியல்களில் அது செழித்தது. இன்று ரயில் பாதையின் கருங்கல் ஜல்லியிலும், பழைய சுவர்களின் சுண்ணாம்புக் காரைச் சந்துகளிலும் வளர்கிறது. நீர் நில்லாத, சற்றுச் சுண்ணாம்புச் சார்புள்ள, வளம் அதிகமில்லாத மண் இதற்குப் போதும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஆகவே ஜான் இன்னஸ் 3ஆம் எண் கலவை இரண்டு பங்கு, பீட் எனப்படும் சதுப்புநில மக்கு கலக்காத சாதாரணத் தொட்டிக் கலவை ஒரு பங்கு, பெர்லைட் என்ற இலேசான வெண்கல் துகள் அல்லது பருமணல் ஒரு பங்கு என்று கலந்துகொள்ளுங்கள். ஜான் இன்னஸ் என்பது ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர் அல்ல; 1930களில் லண்டனுக்குத் தெற்கே மெர்ட்டனில் இருந்த அந்தப் பெயருடைய தோட்டக்கலை ஆய்வகம் உருவாக்கிய செய்முறை என்பதால் யார் விற்பதையும் வாங்கலாம். அதில் உண்மையான தோட்டமண் இருப்பதால் எடை கூடுதல். உயர்ந்து வளர்ந்து காற்றில் ஆடும் செடியைச் சாயாமல் நிறுத்த அந்த எடை தேவைப்படும். அசேலியா, கமேலியா போன்றவற்றுக்கென்று விற்கும் அமிலத்தன்மையுள்ள கலவையை இதற்கு வாங்காதீர்கள்.

தொட்டியின் அடியில் ஓட்டுச் சில்லு, ஜல்லி போடும் வழக்கம் இங்கும் நம்மூரிலும் உண்டு. அதை விட்டுவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நுண்ணிய மண்ணிலிருந்து பருத்த ஜல்லிக்குத் தண்ணீர் எளிதில் இறங்குவதில்லை. மண் முழுவதும் நனைந்து தெப்பமாகும்வரை எல்லையிலேயே நின்றுவிடும். அதனால் ஈரம் தேங்கும் பகுதி வேரை நோக்கி மேலே ஏறுகிறதே தவிர வடிகால் கூடுவதில்லை. துளைகள் அடைபடாமல் ஒரு வலைத்துண்டு போட்டால் போதுமானது.

கிளைகளும் பூக்களும் தொங்கிக்கொண்டிருக்கும்போது சுற்றிலும் மண் போடுவது சிரமம். அதற்கு ஒரு வழி இருக்கிறது. புதிய தொட்டியின் அடியில் தேவையான உயரத்திற்கு மண் போட்டு, அதன்மேல் பழைய வெறுந்தொட்டியை, அல்லது அது கிழிந்துபோயிருந்தால் அதே அளவுள்ள வேறொன்றை, நடுவில் வையுங்கள். சுற்றுப்புற இடைவெளியை மண்ணால் நிரப்பி லேசாக அமுக்கிவிட்டு உள்தொட்டியைத் திருகி எடுத்தால், உங்கள் மண்கட்டிக்கு அளவெடுத்த குழி கிடைக்கும். செடியை இரு கைகளாலும் அடியில் ஏந்தி அதற்குள் இறக்கினால் ஒரு கிளைகூட ஒடியாது. முன்பு மண் எந்த மட்டத்தில் தண்டைத் தொட்டதோ அதே மட்டத்தில் இருக்க வேண்டும். விளிம்புக்குக் கீழே நான்கு சென்டிமீட்டர் இடம் விடுங்கள். பிறகு பூவாளியால் அடியில் தண்ணீர் வரும்வரை நிதானமாக ஊற்றி, மண் இறங்கிய இடத்தில் மேலும் சிறிது போட்டு நிரப்புங்கள்.

பூக்களை வெட்டிவிட வேண்டுமா என்றால், எல்லாவற்றையும் வேண்டாம் என்பேன். பட்லியாவின் கதிர் அடியிலிருந்து நுனிக்கு விரிகிறது. நுனிவரை பழுத்துப் பழுப்பாகிவிட்டவற்றை, கீழுள்ள இலை ஜோடிக்குச் சற்று மேலே வெட்டிவிடுங்கள். அந்தக் கணுவிலிருந்து பக்கக் கதிர்கள் வரும். புதிதாக விரிபவை இருக்கட்டும், ஏனென்றால் ஜூலை இறுதியும் ஆகஸ்டும்தான் ரெட் அட்மிரல், பீகாக், ஸ்மால் டார்ட்டாய்ஸ்ஷெல் வண்ணத்துப்பூச்சிகள் இந்தச் செடியை மொய்க்கும் காலம். வாடிய கதிரை நீக்குவதில் இன்னொரு கடமையும் இருக்கிறது: ஒரு கதிரிலேயே ஆயிரக்கணக்கான விதைகள் உண்டாகும், காற்றில் நெடுந்தூரம் போகும். சுவர்களைப் பிளந்து, வேறு செடிகளின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் இதற்கு உண்டு என்பதால், விதை முற்றுவதற்குள் வெட்டிவிடுவது அக்கம்பக்கத்தாருக்கு நாம் செய்ய வேண்டியது.

அடுத்த ஒரு வாரம் பிற்பகல் வெயிலும் பலத்த காற்றும் படாத இடத்தில் வையுங்கள். அந்த வாரத்தில் இலைகள் நண்பகலில் தொங்கினால் பதறி உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால், வேர் இன்னும் வேகம் பிடிக்கவில்லை என்றுதான் பொருள், மாலையில் இலை நிமிர்ந்துவிடும். மண் ஈரமாக இருந்தும் மறுநாள் காலையிலும் நிமிரவில்லை என்றால்தான் வேரைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். உரம் ஐந்தாறு வாரங்களுக்கு வேண்டாம், கலவையிலேயே இருக்கிறது. தழைச்சத்து மிகுந்தால் இலைதான் பெருகும், பூ குறையும். இந்த மாற்றத்தை ஆகஸ்டைத் தாண்டித் தள்ளிப் போடாதீர்கள்; குளிருக்கு முன் வேர் புது மண்ணுக்குள் பரவ அவகாசம் தேவை. குளிர்காலத்தில் தொட்டியைச் செங்கல் துண்டுகளின் மேல் தூக்கி வைத்தால் துளைகள் அடைபடாமல் நீர் வடியும்.

மார்ச் பிற்பாதியில், கடும் உறைபனி விலகியதும், தண்டுகளைத் தொட்டியின் மண்மட்டத்திலிருந்து 20 முதல் 30 சென்டிமீட்டரில் நல்ல மொட்டு ஜோடிக்கு மேலே வெட்டுங்கள். பட்லியா டேவிடி அந்த ஆண்டு வளரும் புதுத் தண்டில்தான் பூக்கும் என்பதால் பூவுக்கு இழப்பு இல்லை. தொட்டியில் வேர் நெருங்கியிருந்தால் அன்றைக்கே வெளியே எடுத்து, அடியிலும் பக்கங்களிலும் மூன்று நான்கு சென்டிமீட்டரைப் பழைய ரம்பக் கத்தியால் சீவிவிட்டு, புதுக் கலவையோடு அதே தொட்டியிலோ ஒரு அளவு பெரியதிலோ நடலாம். இறுதித் தொட்டிக்கு வந்த பிறகு இதை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்தால் போதும். இடைப்பட்ட மார்ச் மாதங்களில் மேல்மண்ணை ஐந்து சென்டிமீட்டர் சுரண்டி எடுத்துவிட்டு, மெதுவாகக் கரையும் உரம் ஒரு கைப்பிடி கலந்த புதுக் கலவையை அங்கே நிரப்பிவிடுங்கள்.