ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தால் கிரீட் தீவில் எங்கும் கார் ஓட்டலாமா?

கேள்வி: செப்டம்பரில் நானும் கணவரும் முழங்கால் வலி உள்ள மாமியாரும் கிரீஸ் நாட்டின் கிரீட் தீவுக்குப் போகிறோம். ஹனியாவில் வாடகைக் கார் எடுத்து, பாலோஸ் கடற்கரையும் லூத்ரோ கிராமமும் பார்க்க ஆசை. 'ஃபுல் இன்சூரன்ஸ் போட்டுவிட்டால் எங்கும் போகலாம்' என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். லூத்ரோவுக்குச் சாலையே கிடையாது. ஹனியாவிலிருந்து வெள்ளை மலைகளைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி ஹோரா ஸ்ஃபாக்கியோன் போய், காரை அங்கே நிறுத்திவிட்டுப் படகு ஏற வேண்டும். படகு போகும் வழியில் கிளிக்கா நேரா என்றொரு கடற்கரை. பெயருக்கு 'நல்ல தண்ணீர்' என்று பொருள். கூழாங்கற்களைக் கையால் விலக்கினால் குளுகுளுவென்று குடிநீர் ஊறும். பக்கத்திலேயே உப்புக் கடல். தவறவிடாதீர்கள்.

பாலோஸ்தான் வில்லங்கம். கலிவியானி கிராமத்துக்கு அப்பால் சுமார் 8 கிலோமீட்டர் கரடுமுரடான மண் பாதை. சாதாரணமாக வாடகை ஒப்பந்தத்தில் 'ஃபுல்' என்று போட்டிருந்தாலும், மண் பாதையில் நேரும் சேதம், டயர், காரின் அடிப்பகுதி இவற்றுக்குக் காப்பீடு கிடையாது. இதை முதல் பக்கத்தில் பெரிதாக அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்? கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் எங்கோ புதைத்து வைக்கிறார்கள். வருகிறவர்கள் எல்லோரும் பாலோஸ் போவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாதா?

ஒரு விலக்கு உண்டு. சில உள்ளூர் நிறுவனங்கள் மண் பாதைக்கும் அனுமதி தருகின்றன. ஆனால் கவுன்டரில் இருப்பவர் 'பரவாயில்லை, போங்கள்' என்று வாயால் சொன்னால் அது அனுமதி ஆகாது. ஒப்பந்தத்தில் எழுதித் தர வேண்டும். எழுதியிருந்தாலும் டயரும் அடிப்பகுதியும் சேர்ந்திருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். சேர்ந்திருந்தாலும், வண்டி வழியில் நின்றுவிட்டால் இழுத்து வரும் செலவு யாருடையது என்று கேளுங்கள். மூன்றுக்கும் எழுத்தில் பதில் இல்லையென்றால் அந்தப் பாதையில் வண்டியை இறக்காதீர்கள்.

முன்பதிவுத் தளங்கள் மலிவாக விற்கும் தனிக் காப்பீடு வேறு விஷயம். சேதம் ஆனால் கார் நிறுவனம் முதலில் உங்கள் கிரெடிட் கார்டில் பணத்தை எடுத்துவிடும். நம்மூர் மெடிக்கல் ரீஇம்பர்ஸ்மென்ட் போல, நீங்கள்தான் பிறகு காகிதங்களோடு அலைய வேண்டும். காரை எடுக்கும்போதே நான்கு டயர்களையும் குனிந்து அடிப்பகுதியையும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். அதை ஆர்டிஓ அலுவலகம்தான் தரும்: கட்டணம் 1000 ரூபாய், செல்லுபடி ஓராண்டு. இணையத்தில் 'இன்டர்நேஷனல் லைசென்ஸ்' என்று விற்கும் வழுவழு அட்டைகள் வெறும் காகிதம். முன்பு விண்ணப்பத்தோடு விசா நகலும் கேட்பார்கள். விசாவோ புறப்படும் வாரத்தில்தான் கைக்கு வரும்! இந்த இடைவெளியில்தான் புரோக்கர்கள் பிழைத்தார்கள். 2021-ல் அந்த விதியை நீக்கிவிட்டார்கள்; விசாவுக்குக் காத்திராமல் விண்ணப்பியுங்கள்.

சரி, மாமியார்? பாலோஸில் கார் நிறுத்துமிடத்திலிருந்து மணலுக்கு இறங்க அரை மணி நேரம் ஆகும். திரும்பும்போது வெயிலில் அத்தனை படியும் ஏற வேண்டும். கிஸ்ஸமோஸ் துறைமுகத்திலிருந்து படகில் போனால் அந்த ஏற்றம் இல்லை, காருக்கும் சேதமில்லை. கிராம்வூசா தீவின் வெனிஸ் காலத்துக் கோட்டையையும் பார்க்கலாம். நீங்கள் கோட்டைக்கு ஏறும்போது மாமியார் கீழே கரையில் உட்கார்ந்திருக்கட்டும். காற்று பலமாக இருந்தால் படகு புறப்படாது. அதனால் பாலோஸைப் பயணத்தின் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள்.