வாசகர் கேள்வி: ஆன்லைனில் போட்டும் ஏன் இந்த அலைச்சல்?

கேள்வி: மகளின் கல்லூரி உதவித்தொகைக்காக இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தேன். மூன்று வாரம் ஆகிவிட்டது. மையத்தில் கேட்டால் “வி.ஏ.ஓ.வைப் பாருங்க” என்கிறார்கள். அவர் பின்னால்தான் அலையணும் என்றால் ஆன்லைன் எதற்கு?
– ஒரு வாசகர், மணப்பாறை

பதில்: எரிச்சல் நியாயம்தான். இ-சேவை மையம் மனுவை வாங்கி ஏற்றிவிடும், அவ்வளவுதான். அப்புறம் அது வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று பழைய தடத்திலேயே போகிறது, என்ன, ஃபைல் கட்டுக்குப் பதிலாகத் திரையில். கவுன்ட்டர்தான் உங்கள் தெருவுக்கு வந்திருக்கிறது, மேசைகள் குறையவில்லை.

ரசீதில் உள்ள விண்ணப்ப எண்ணைப் போட்டு, மனு எந்த மேசையில் நிற்கிறது என்று பாருங்கள். திருப்பி அனுப்பியிருந்தால் பதற வேண்டாம், பெரும்பாலும் ஏதாவது ஒரு ஆவணம் மங்கலாக ஏறியிருக்கும். நகரவே இல்லையா, முதல்வரின் உதவி மைய எண் 1100-க்குப் போன் செய்து புகார் சொல்லுங்கள், இல்லை திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். அதுவும் பலிக்காவிட்டால் ஒரு வெள்ளைத்தாள், அதில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், “என் மனு எந்தத் தேதியில் இருந்து எந்தத் தேதி வரை யாரிடம் இருந்தது?” என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். சில சமயம் பதிலுக்கு முன்னால் சான்றிதழே வந்துவிடுவதும் உண்டு!

அரசுச் சேவையைக் குறித்த நாளுக்குள் தந்தாக வேண்டும் என்று மத்தியப் பிரதேசத்தில் 2010-லேயே சேவை உறுதிச் சட்டம் கொண்டுவந்தார்கள். காரணமில்லாமல் தாமதித்தால் அதிகாரிக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 5,000 வரை அபராதம். பந்தல் போட்டு மனு வாங்கும் நூறு முகாமைவிட இப்படி ஒரு விதி மேல் என்பது என் கட்சி.

கேள்வி: பச்சை மை கையெழுத்து இல்லை என்று சாதிச் சான்றிதழைத் திருப்பிவிட்டார்கள்!
– ஒரு வாசகி, திண்டிவனம்

பதில்: அதில் இருப்பது டிஜிட்டல் கையொப்பம், மையும் சீலும் தேவையே இல்லை. சண்டை வேண்டாம், மூலையில் இருக்கும் க்யூஆர் கோடை அவர்கள் மொபைலிலேயே ஸ்கேன் பண்ணச் சொல்லுங்கள். அப்படியும் முடியாது என்றால், திருப்பிய காரணத்தை எழுதிக் கேளுங்கள்.