வலது கையை மறந்தே போகிற பிள்ளை: வீட்டில் என்ன பயிற்சி கொடுக்கலாம்?

கேள்வி: என் மகனுக்கு 5 வயது. செரிப்ரல் பால்சியால் (மூளை பாதிப்பால் வரும் அசைவுக் குறைபாடு) வலது பக்கம் மட்டும் பாதிப்பு. நடக்கிறான், ஓடுகிறான். வலது கையில் கட்டைவிரல் உள்ளே மடங்கி, மணிக்கட்டு வளைந்தே இருக்கிறது. எல்லா வேலையும் இடது கையால்தான். வாரம் ஒரு நாள் பாளையங்கோட்டைக்குத் தெரபிக்குக் கூட்டிப் போகிறோம். வீட்டில் ஆச்சி தினமும் எண்ணெய் தேய்த்துக் கையை நீட்டி மடக்கி விடுகிறார். நல்ல கையைக் கட்டிப் போட்டால் இந்தக் கை தானாக வரும் என்கிறார்கள். கட்டலாமா? வீட்டில் எவ்வளவு நேரம், என்ன செய்ய வேண்டும்?
– ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: கட்டிப் போட வேண்டாம். தடுக்கி விழும்போது அவன் ஊன்றுவது அந்த இடது கையைத்தான். அதோடு, வேலை செய்கிற ஒரே கையைப் பறித்தால் அழுகையும் பிடிவாதமும்தான் மிஞ்சும்.

உங்களுக்குச் சொன்னவர், நல்ல கையைச் சிறிது நேரம் தடுத்துவைத்துப் பலவீனமான கைக்கு வேலை கொடுக்கும் கன்ஸ்ட்ரெயின்ட் தெரபியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கலாம். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப் குரங்குகளிடம் நடத்திய ஆய்விலிருந்து வளர்ந்த முறை அது. நல்ல ஆதாரமும் உண்டு. நல்ல கைக்கு ஓய்வு கொடுத்திருக்கும் நேரத்தில் பலவீனமான கை திரும்பத் திரும்ப வேலை செய்கிறதே, பலன் அதில் இருந்துதான் வருகிறது. கையை மூடிவிட்டு டிவி முன்னால் உட்கார வைத்தால் ஒன்றும் நடக்காது.

இதை வீட்டில் செய்வதென்றால் உங்கள் தெரபிஸ்டிடம் சொல்லிவிட்டு இப்படி ஆரம்பியுங்கள். இடது கையில் ஒரு பழைய சாக்ஸை மாட்டுங்கள். இறுக்கமான எலாஸ்டிக் வேண்டாம். பிள்ளை தரையிலோ நாற்காலியிலோ உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மட்டும், ஒரு தடவைக்கு அரை மணி நேரம் போதும். எழுந்து நடந்தாலோ, படி ஏறினாலோ, தண்ணீர்ப் பக்கம் போனாலோ உடனே கழற்றிவிட வேண்டும். அந்த அரை மணியில் வலது கையால் ஒரு பெட்டியிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து வாயகன்ற வாளியில் போடட்டும். அது சுலபமானதும் நெல்லிக்காய். பிறகு பல்லாங்குழியும் சோழியும். முதலிலேயே சோழியைக் கொடுத்தால், கட்டைவிரல் உள்ளே மடங்கிய பிள்ளைக்கு அது பிடிபடாது, ஆட்டமே வெறுத்துப்போகும்.

எடுப்பதைவிட விடுவது கஷ்டம் என்பதைப் பெரியவர்கள் கவனிப்பதில்லை. "விடுல, விடுல" என்று அவசரப்படுத்த அவசரப்படுத்த, விரல்கள் இன்னும் இறுகும். பிடித்த பொருள் வாளியின் விளிம்பிலோ தரையிலோ தொட்டு நிற்கட்டும், அவனே விடும்வரை பேசாமல் இருங்கள். மணிக்கட்டை மேலும் வளைத்து விரலைத் திறக்கப் பார்ப்பான். வளைந்த மணிக்கட்டில் விரல்கள் சுலபமாகத் திறக்கும், ஆனால் பிடியில் வலு இருக்காது. பொருளை மார்பு உயரத்தில், நிமிர்ந்த டம்ளர் போல நெட்டுக்குத்தலாக நீட்டிக் கொடுத்துப் பாருங்கள். கட்டைவிரல் மேலே பார்க்க, மணிக்கட்டு கொஞ்சம் நிமிரும்.

ஆச்சியின் எண்ணெய் கெடுதல் இல்லை. மென்மையாகத் தேய்த்தால் பிள்ளைக்குச் சுகம். ஆனால் நாம் நீட்டி மடக்கிவிடுவதால் மட்டும் கை வேலை கற்றுக்கொள்ளாது என்பது ஆய்வுகளில் தெளிவாக வந்திருக்கிறது. பத்து நிமிடத்தோடு நிறுத்திவிட்டு, மிச்ச நேரத்தை அவனே கையை அசைக்கும் வேலைக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: கட்டைவிரலின் நுனியைப் பிடித்து வெளியே இழுக்கக் கூடாது, மூட்டு தளர்ந்துவிடும். அடிப்பகுதியில், உள்ளங்கைச் சதையோடு சேர்த்துப் பிடித்துத்தான் விரிக்க வேண்டும்.

எங்களைக் கேட்டால், அவன் வயதுக்கு சாக்ஸ் விளையாட்டைவிட இரண்டு கையும் சேர்ந்து செய்யும் வேலைக்கு அதிக நேரம் கொடுப்போம். வலது கை இன்னொரு இடது கையாக மாறப்போவதில்லை. நல்ல துணைக்கையாக ஆக்குவதுதான் குறி: பிடித்துக்கொள்ள, அழுத்திக்கொள்ள, திருப்பிக் கொடுக்க. ஆகவே ஒரு கையால் செய்யவே முடியாத வேலைகளைத் தேடுங்கள். அப்போது "அந்தக் கைய எடு" என்று சொல்லவே தேவையிருக்காது.

உங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. அப்பளக் குழவியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையிலும் கை இருந்தால்தான் நேராக உருளும். (அப்பளக்காரம் போட்ட மாவு வேண்டாம், கோதுமை மாவு போதும்.) பொங்கல் சமயத்தில் வேகவைத்த பனங்கிழங்கைவிட நல்ல பயிற்சிக் கருவியைக் கடையில் வாங்க முடியாது. வலது கை கிழங்கின் தடித்த பக்கத்தைப் பிடித்துக்கொள்ள, இடது கை தோலை உரிக்கும், இரண்டாகப் பிளக்க இரண்டு கையும் எதிரெதிராக இழுக்க வேண்டும், முடிந்ததும் தின்னலாம். முதல் சில நாள் நுனியில் நீங்களே பிளந்து தொடங்கிக் கொடுங்கள்.

பள்ளிக்கூடத்துக்கான வேலை ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். தண்ணீர் பாட்டில் மூடி திறப்பதை எடுப்போம். வலது கை பாட்டிலின் உடம்பைப் பிடிக்க வேண்டும், இடது கை திருக வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் பாட்டிலைத் தொடை நடுவிலோ அக்குளிலோ இடுக்கி இடது கையால் திருகிவிடுவார்கள், இல்லாவிட்டால் பல்லால் கடிப்பார்கள். அதுதான் அவர்களுக்கு வேகம். திட்டிப் பயனில்லை. மேசை முன்னால் நிற்க வையுங்கள், தொடை உதவிக்கு வராது. பாட்டில் கைக்கு அடங்கும் அளவு ஒல்லியாக, பாதி தண்ணீரோடு இருக்கட்டும். காலி பாட்டில் நசுங்கும், நிரம்பியது கனத்து நழுவும். அடியில் ஈரத்துணி போடுங்கள். முதலில் மூடியைத் தளர்த்தியே கொடுத்து, வாராவாரம் கொஞ்சம் இறுக்குங்கள். இடது கை திருகும்போது வலது கையும் தானாக அசைந்தால் பயப்பட வேண்டாம். ஒரு கையின் அசைவு மறு கையில் தெரிவது இந்தப் பிள்ளைகளிடம் சகஜம்.

எவ்வளவு நேரம் என்று கேட்டீர்கள். குறிப்பிட்ட ஒரு வேலையைக் கற்க 14 முதல் 25 மணி நேரம், கையின் பொதுவான திறன் மேம்பட 30 முதல் 40 மணி நேரம் தேவை என்று ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். தினமும் அரை மணி, வாரம் ஆறு நாள் என்றால் எட்டு வாரத்தில் 24 மணி. வாரம் ஒரு தெரபி மட்டும் ஏன் போதவில்லை என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வீட்டு இருகைப் பயிற்சியில் பெற்றோரே தினம் 2 மணி, வாரம் 5 நாள், 9 வாரம் என 90 மணி நேரம் கொடுத்தார்கள். அது உங்களால் முடியாவிட்டால் குற்ற உணர்ச்சி வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வேலைகளுக்கு மேல் எடுக்காதீர்கள். அதில் ஒன்றாவது அவன் கேட்டதாக இருக்கட்டும். நாள்காட்டியில் நிமிடங்களைக் குறித்து வையுங்கள். எட்டு வாரத்துக்கு ஒருமுறை அதே வேலையை போனில் வீடியோ எடுத்தால், தெரபிஸ்ட் அடுத்த படியைச் சொல்ல வசதியாக இருக்கும்.

சாப்பாட்டு விஷயத்தில் பல வீடுகளில் தகராறு. சோற்றுக்கை என்று வலது கையாலேயே உண்ண வைக்க வேண்டாம். பசித்த நேரத்தில் பயிற்சி எடுபடாது. இடது கையால் உண்ணட்டும், வலது கை தட்டைப் பிடித்திருக்கட்டும். மலம் கழித்தபின் கழுவுவதும் இடது கைதான் என்பதால் சோப்புப் போட்டுக் கை கழுவுவதை மட்டும் கண்டிப்பாகப் பழக்குங்கள். இந்தக் கைகளில் தொடு உணர்ச்சி குறைவாக இருப்பது உண்டு. சூடான எவர்சில்வர் டம்ளரை வலது கையில் கொடுக்காதீர்கள், சுட்டாலும் தாமதமாகத்தான் தெரியும்.

கட்டைவிரலுக்கு ஸ்ப்ளிண்ட் (விரலை விரித்து வைக்கும் பட்டை) கொடுத்திருந்தால் விளையாடும்போது போடுங்கள். கழற்றி 20 நிமிடம் கழித்தும் சிவப்புத் தடம் மறையாவிட்டால் அளவு சரியில்லை, திருப்பிக் கொண்டுபோங்கள். இறுகிய தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி போட்டால் அதன் பலன் மூன்று நான்கு மாதம்தான். அந்த நாட்களில் பயிற்சியைக் கூட்டாவிட்டால் ஊசி வீண்.

அடிக்கடி பாளையங்கோட்டை போக முடியாவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் பிசியோதெரபிஸ்ட் எந்த நாள் வருகிறார் என்று கேளுங்கள். ஆய்க்குடி அமர் சேவா சங்கமும் கிராம அளவில் தெரபி கொடுக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான யூடிஐடி அடையாள அட்டை வாங்கிவிட்டீர்கள் என்றால், மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிராமயா மருத்துவக் காப்பீட்டுக்கும் விண்ணப்பியுங்கள். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரையிலான அந்தத் திட்டத்தில் தெரபிச் செலவுக்கும் ஒரு பங்கு உண்டு.

செரிப்ரல் பால்சியில் மூளையின் பாதிப்பு நாளுக்கு நாள் அதிகரிப்பதில்லை. எனவே முன்பு செய்த வேலையைக் கை திடீரெனச் செய்ய மறுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, பயிற்சியைக் கூட்டிப் பார்க்காமல் அன்றே குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள்.