சீப்பு பிடித்த கை பிரஷ் பிடிக்கக் கூடாதா?

கேள்வி: அக்கா, பதினான்கு வருஷமாக சினிமாவில் ஹேர் டிரஸ்ஸராக இருக்கிறேன். ஒரு பெண் இருபது வயதிலிருந்து அறுபது வரை எப்படி மாறுவாள் என்றெல்லாம் நோட்டில் வரைந்து வைத்திருக்கிறேன். மேக்கப் செய்ய ஆசை என்றால், "பொம்பளைக்கு முடி, ஆம்பளைக்கு மேக்கப், அதான் வழக்கம்" என்கிறார்கள். டைட்டிலில்கூட என் பெயர் வருவதில்லை. வயது நாற்பது ஆகிவிட்டது. இனிமேல் ஆசைப்படலாமா?
- வாசகி, சாலிகிராமம்

பதில்: தாராளமாக ஆசைப்படுங்கள் சகோதரி. அந்த 'வழக்கம்' செல்லாது என்று உச்ச நீதிமன்றமே 2014 நவம்பரில் சொல்லிவிட்டது. மும்பையில் மேக்கப் கலைஞர் கார்டு (சங்க உறுப்பினர் அட்டை) ஆண்களுக்குத்தான், பெண்ணுக்கு ஹேர் டிரஸ்ஸர் கார்டுதான் என்று சினிமா மேக்கப், ஹேர் டிரஸ்ஸர் கலைஞர்களின் சங்கம் வைத்திருந்தது. முறையாக மேக்கப் படித்துவிட்டு வந்த சாரு குரானாவுக்கும் அதே பதில்தான். அவர் கோர்ட்டுக்குப் போனார், ஜெயித்தார். வழக்கு மும்பைச் சங்கத்தின் மீதுதான். ஆனால் பெண் என்பதற்காகத் தொழிலை மறுக்கக் கூடாது என்ற சட்டம் நாடு முழுக்க ஒன்றுதான்.

அதனால் யாராவது வாயால் "முடியாது" என்றால் திரும்பி வந்துவிடாதீர்கள். மேக்கப் கார்டு கேட்டு சங்கத்தில் விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். வழக்கம் என்று சத்தமாகச் சொல்கிறவர்கள் அதைப் பேப்பரில் எழுதத் தயங்குவார்கள்.

மழையில் நனைந்து ஓடிவரும் நாயகி வீட்டுக்குள் நுழைவதை மூன்று வாரம் கழித்து வேறு செட்டில் எடுப்பார்கள். இடது காதோரம் ஒட்டியிருந்த முடிக்கற்றை அதே இடத்தில், அதே ஈரத்தோடு இருக்க வேண்டும். பிசகினால் உறுத்தும்; சரியாக இருந்தால் ஒருவருக்கும் தெரியாது. இதைப் பதினான்கு வருஷம் பிசகாமல் செய்த கண் உங்களுடையது. வயதான வேஷத்தில் பெரிய படங்களே சறுக்குவது இங்கேதான். முகத்தில் சுருக்கங்களை அருமையாகப் போட்டுவிட்டு, காதோரத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையைப் பூசிவிடுவார்கள். நெற்றியில் விக்கின் விளிம்பு தெரியும். நரை எங்கே தொடங்கும், வகிட்டில் முடி எப்படி மெலியும் என்பதெல்லாம் உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நோட்டில் இருப்பதை முகத்தில் செய்து காட்டுங்கள். ஒரே ஆளை மூன்று வயதில் செய்து, பகல் வெளிச்சத்தில் நெருக்கமாகப் படம் எடுங்கள். தரமணி திரைப்படக் கல்லூரி மாணவர்கள் எடுக்கும் படங்களுக்குக் கேட்டுப் பாருங்கள். சம்பளம் குறைவாக இருக்கலாம், ஆனால் 'மேக்கப்' என்று டைட்டிலில் உங்கள் பெயர் வரும் என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். பெரிய படங்களிலும் சம்பளம் பேசும்போதே மேனேஜரிடம் டைட்டிலைப் பற்றியும் கேளுங்கள். பெயரை எழுத்துப்பிழை இல்லாமல் உதவி இயக்குநருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். படம் முடிந்த பிறகு கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

ஒரு எச்சரிக்கை. கன்டினியூட்டிக்காக, அதாவது அடுத்த ஷாட்டிலும் தோற்றம் மாறாமல் இருக்க, எடுத்த நட்சத்திரங்களின் படங்களை உங்கள் ஆல்பத்தில் சேர்க்காதீர்கள். ரிலீசுக்கு முன்னால் ஒரு கெட்டப் வெளியே கசிந்தால், முதலில் சந்தேகப்படுவது உங்களைப் போன்ற தொழிலாளியைத்தான்.

நாற்பது வயது இந்த வேலைக்கு ஒரு தடையே இல்லை. கார்டு கைக்கு வரும்வரை ஹேர் வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள்; வீட்டுச் செலவும் ஓட வேண்டும். கார்டு வந்த பிறகும் விட வேண்டாம். முடியையும் முகத்தையும் சேர்த்தே யோசிக்கத் தெரிந்த ஒருவர் கிடைத்தால், வயதான வேஷம் வைத்திருக்கும் எந்த இயக்குநரும் உங்களைத் தேடி வருவார்.